புதுப்பிப்பு: தங்கச்சியின் விவாகரத்து

கணவன் விட்டுப்போன என் தங்கச்சியின் முறைப்பாட்டை ஒரு பொலிஸ் நிலையம் எடுக்காமல், "குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்று அனுப்பியதை முன்பு எழுதியிருந்தேன். இப்போதைய நிலை இது.

முதலில் ஒரு திருத்தம். இருவரும் சம்மதித்தால் விவாகரத்து கிடைக்கும் என்று எழுதியது பிழை. இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் சோரம் (வேறொருவருடன் தகாத உறவு), வன்மத்துடன் கைவிடுதல், மணநேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று மூன்றே காரணங்கள். ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். நாங்கள் கைவிடுதலை வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கேட்கும் தாபரிப்பு வழக்கு தனியாக நீதவான் நீதிமன்றத்தில். விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடிப்பதோ மிரட்டுவதோ இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளைக்கு நேராகவே நீதவானிடம் போகலாம். பொலிஸ் மறுத்தால் வழி அடைபட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

அப்புறம் சீதனக் காணி. யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி அது அவளுடையதுதான், ஆனால் விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் கையெழுத்துக்கு எங்கே போவது? கைவிட்டுப்போன கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே அனுமதி தரலாம் என்று யாழ்ப்பாணத்துத் திருமண, வாரிசு உரிமைகள் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருப்பதைச் சட்டத்தரணி காட்டினார். பிள்ளையின் படிப்புக்கு அந்தக் காணிதான் இருக்கிறது. அதற்கான மனுவை அடுத்த வாரம் போடுகிறோம்.