வெஸ்டர்னா இங்கிலீஷா? ரெண்டுலயும் குதிரை ஏறினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டெக்சாஸ்ல ஃபோர்ட் வொர்த் பக்கம் இருக்கேன். முதல்ல வெஸ்டர்ன் (கவ்பாய் பாணி குதிரையேற்றம்) கத்துக்கிட்டு அப்புறம் இங்கிலீஷ் பாணி பக்கம் வந்தவன், இப்பவும் ரெண்டும் ஓட்டுறேன். புதுசா கத்துக்க வர்ற நம்ம ஆளுங்க பெரும்பாலும் ஒரே விஷயத்த கேட்டுட்டு வர்றாங்க, வெஸ்டர்ன் ஈஸி, இங்கிலீஷ் கஷ்டம், பயம் இருந்தா வெஸ்டர்ன் போ அப்படின்னு. இதுல பாதிதான் உண்மை, மீதிய எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

வெஸ்டர்ன் சேடில்ல (சேணம்) உக்காந்தவங்களுக்குத் தெரியும், முன்னாடி ஹார்ன்னு கொம்பு மாதிரி ஒரு பிடி, பின்னாடி உயரமா ஒரு தடுப்பு, நடுவுல நல்லா பள்ளமான சீட். வெயிட் பலதுல 15 கிலோ பக்கம் வரும், குதிரை முதுகுல தூக்கிப் போடுறதே ஒரு வேலை. இது எல்லாமே மாடு மேய்க்கிற வேலைக்காக வந்தது. ஸ்பெயின்காரங்க மெக்சிகோவுக்குக் கொண்டுவந்த பழக்கம், அங்க மாடு மேய்ச்ச வக்கேரோக்கள் கைல மாறி, அப்படியே டெக்சாஸ், கலிஃபோர்னியான்னு மேல ஏறி வந்துச்சு. ஒரு கைல கயிறு சுத்தணும், அதனால கடிவாளம் ஒரே கைல. மாட்ட கயிறு போட்டுப் பிடிச்சதும் அந்தக் கயிற ஹார்ன்ல சுத்தினா மாட்டோட இழுப்ப குதிரை தாங்கிக்கும், ஹார்ன் இருக்கிறது அதுக்குத்தான். நாள் பூரா உக்காரணும், அதனால ஸ்டிரப் (கால் வைக்கிற வளையம்) நீளமா தொங்கும், நடை மெதுவு.

இங்கிலீஷ் சேடில் வேட்டைக்குப் போறவங்க, வேலி தாண்டுறவங்க, பட்டாளத்துக் குதிரைப்படை இவங்க கைல வளர்ந்தது. வெயிட்டு பாதிகூட இருக்காது. ஸ்டிரப் குட்டை, கடிவாளம் ரெண்டு கைல, குதிரை வாயோட எப்பவும் ஒரு மெல்லிய தொடர்பு இருந்துட்டே இருக்கணும்.

எனக்கு முதல்ல வெஸ்டர்ன்ல குடுத்தது வயசான ஒரு குவார்ட்டர் ஹார்ஸ், மாட்டு வேலைக்குப் பேர் போன அமெரிக்க இனம். கடிவாளம் கழுத்துல ஒரு பக்கம் லேசா பட்டாலே அடுத்த பக்கம் திரும்பிடும், மூச்ச விட்டு சீட்ல அழுந்தி உக்காந்தா நின்னுடும். இவ்வளவு கேட்குதேன்னு அது மேல அப்படி ஒரு மரியாதை வந்துச்சு. ஆனா அந்தப் படிப்பு முழுக்க குதிரையோடது, அதுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தரோட பல வருஷ உழைப்பு இருக்கு. இத புரிஞ்சிக்கிட்டது இங்கிலீஷ் பார்ன் (குதிரை லாயம்) போனப்புறம்தான். அங்க ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன ஒரு தரோபிரெட், அது பந்தயக் குதிரை இனம். ட்ராட் (துள்ளு நடை) ஆரம்பிச்சதும் தூக்கித் தூக்கிப் போடுது, அந்தத் தாளத்துக்கு எழுந்து உக்காரணும், அதுவும் குதிரையோட வெளிப்பக்க முன்னங்கால் முன்னாடி போறப்ப எழணும். தடுப்பு இல்ல, ஹார்ன் இல்ல, என் உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒவ்வொரு அடியிலயும் தெரியுது, குதிரையோட விலா என் கெண்டைக்கால்ல மூச்சு விடுறது தெரியுது. வெஸ்டர்ன் சேடில் தாங்கிப் பிடிச்சதால வெளிய தெரியாம இருந்தத இது அப்பட்டமா காட்டிடுச்சு. அங்க சரி பண்ணத திரும்ப வெஸ்டர்ன்ல போய் உக்காந்தப்ப அந்தக் கிழக் குதிரை இன்னும் அழகா நடந்துச்சு.

அதுக்காக வெஸ்டர்ன் ஆரம்பப் பள்ளி, இங்கிலீஷ் காலேஜ்னு யாரும் நினைக்காதீங்க. ஃபோர்ட் வொர்த்ல வில் ராஜர்ஸ் மைதானத்துல வருஷக் கடைசியில கட்டிங் ஃபியூச்சுரிட்டி, அதாவது மந்தையில இருந்து மாட்டப் பிரிக்கிற போட்டி நடக்கும், முடிஞ்சா ஒரு தடவை பாருங்க. எல்லாம் மூணு வயசுக் குதிரைங்க. மந்தைக்குள்ள மெதுவா போய் ஒரு மாட்ட தனியா பிரிச்சதும் ரைடர் கைய கழுத்து மேல இறக்கிடணும், அதுக்கப்புறம் கடிவாளத்தால எதுவும் சொல்லக்கூடாது. மாடு மந்தைக்குத் திரும்பப் பாய, குதிரை தானா மடங்கி மடங்கி மறிக்கும். மொத்தம் இரண்டரை நிமிஷம். அந்த மடக்குல உடம்பு தூக்கி எறியாம இருக்க ரைடர் ஹார்ன அழுத்திப் பிடிச்சிருப்பார், ஹார்ன பிடிச்சா கத்துக்குட்டின்னு சொல்றவங்க அத பாக்கணும். பல வருஷம் ஏறினவங்களுக்கே அது பெரிய வேலை.

உங்க அனுபவத்த எழுதுங்க, முக்கியமா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறினவங்க.

—

பெங்களூருல இருந்து:

அண்ணா, இந்தியாவுல இந்தக் கேள்வியே அதிகம் வராது. ஆர்மி, போலோ, ரேஸ்னு எல்லாம் அந்த வழியில வந்ததால ரைடிங் ஸ்கூல்னாலே பெரும்பாலும் இங்கிலீஷ்தான். எனக்குச் சொல்லிக்குடுத்தவர் ஆர்மி குதிரைப்படையில ரிட்டயர் ஆன ரிசல்தார். நீளக் கயித்துல குதிரைய வட்டமா ஓட்டிக்கிட்டே ஸ்டிரப்ப கழட்டச் சொல்லுவார், கடிவாளத்த விடச் சொல்லுவார், ரெண்டு கையையும் விரிச்சிட்டு உக்காரணும். அப்படிப் பழகின உக்கார்ற முறைதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் சோறு போடுது, நானும் இப்ப குழந்தைங்களுக்குச் சொல்லித்தரேன்.

குழந்தைக்கு போட்டி ஆசை இருந்தா யோசிக்கவே வேணாம், இங்கிலீஷ். ஒலிம்பிக்ஸ்ல இருக்கிறது டிரஸ்ஸாஜ் (குதிரைய நளினமா நடத்திக் காட்டுறது), ஜம்பிங், ஈவென்டிங் (டிரஸ்ஸாஜ், ஜம்பிங், கிராஸ் கன்ட்ரி மூணும் சேர்ந்தது) மட்டும். வெஸ்டர்ன் போட்டியான ரெய்னிங் 2002ல இருந்து 2018 வரைக்கும் உலகக் குதிரையேற்றப் போட்டியில இருந்துச்சு, ஒலிம்பிக்ஸ் பக்கம் வரவே இல்ல. எங்க ஊர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஈவென்டிங்ல வெள்ளி வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 23வதா வந்தார். 2023 ஹாங்சோவுல நம்ம டிரஸ்ஸாஜ் டீம் தங்கம் வாங்கினப்ப, 1982க்கு அப்புறம் 41 வருஷம் கழிச்சு ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்துல தங்கம், நான் லாயத்துல நின்னு அழுதேன்.

ஆனா அரிசோனாவுல ஒரு தடவை மலைப்பாதையில வெஸ்டர்ன் ரைட் போனோம், அத மறக்க மாட்டேன். எங்க குரூப்ல டிரஸ்ஸாஜ் பழகின ஒருத்தங்க ரெண்டு கைலயும் கடிவாளத்த எடுத்து வாயோட தொடர்பு வைக்க, குதிரை தலைய தூக்கித் தூக்கி அடிச்சிச்சு. கூட வந்த ராங்லர் (குதிரைகளப் பாத்துக்கிற ஆள்) உடனே நிறுத்தி, இது வாய்க்குள்ள போடுற பிட்லயே நீளக் கம்பி வச்ச கர்ப் பிட், நீங்க ஒரு பங்கு இழுத்தா வாய்க்குள்ளயும் தாடைக்குக் கீழ செயின்லயும் பல பங்கா விழும், விடுங்க அது பாத்துக்கும்னார். கைய இறக்கினதும் குதிரை தலைய தாழ்த்தி, கல்லு கல்லா பாத்து கால் வச்சு எறங்குச்சு. ஸ்டைல் மாறுறவங்க சேடில விட மொதல்ல பிட்ட பாருங்க, வலிக்கிறது குதிரைக்குத்தானே.

—

ஹூஸ்டன்ல இருந்து:

அக்கா பிட் பத்தி சொன்னதுக்கு நன்றி. இங்க குவார்ட்டர் ஹார்ஸ் ஷோவுலகூட அஞ்சு வயசு வரைக்கும் சாதா ஸ்நாஃபிள் (நெம்புகோல் இல்லாத பிட்) இல்லேன்னா போசல் (பிட் இல்லாம மூக்கு மேல போடுற பட்டை) போட்டு ரெண்டு கைல ஓட்டலாம், ஆறு வயசுல இருந்து பெரும்பாலும் கர்ப் பிட், ஒரு கை. வாய் பக்குவமாகட்டும்னுதான்.

என் பக்கத்துல இருந்து முட்டி விஷயம். அம்பது தாண்டினவ, வயசானவங்களுக்கு வெஸ்டர்ன்தான் சுகம்னு எல்லாரும் சொன்னாங்க, முதுகுக்கு சுகம்தான். ஆனா ஸ்டிரப்ப தாங்குற அந்த அகலமான தோல் பட்டை கால முறுக்கிக்கிட்டே இருந்து, எறங்கினப்ப முட்டி நகர மாட்டேங்குது. இங்கிலீஷ்ல மெல்லிசு வார், அது கால் போற பக்கம் போகுது, எனக்கு வலி பாதியா குறைஞ்சிடுச்சு. இன்னொண்ணு, இங்கிலீஷ் சேடில்ல விழுந்து கால் மாட்டினா அந்த வார் கழண்டு வர்ற மாதிரி கொக்கி இருக்கும், வெஸ்டர்ன்ல பெரும்பாலும் கழறாது, அதனால ஹீல் வச்ச பூட் இல்லாம ஏறவே ஏறாதீங்க. ஹெல்மெட் ரெண்டுக்கும் வேணும், தொப்பி போட்ட போட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும்.

—

மறுபடியும் ஃபோர்ட் வொர்த்ல இருந்து:

முட்டி பத்தி சொன்னீங்களே அக்கா, அதுக்கு இங்க ஒரு வழி வச்சிருக்காங்க. சேடில ஸ்டாண்டுல போட்டு, அந்தத் தோல் பட்டைய நல்லா தண்ணில நனைச்சு, ஸ்டிரப்ப முன்னாடி பாக்குற மாதிரி திருப்பி, ரெண்டு ஸ்டிரப்புக்குள்ளயும் ஒரு தொடப்பக் கம்பு சொருகி அப்படியே காய விடுவாங்க. காஞ்சதும் எண்ணெய் போடணும், இல்லேன்னா தோல் வெடிச்சிடும். புது சேடில்னா சில தடவை பண்ணணும். என் பார்ன்ல ஒவ்வொரு தடவை ஓட்டி முடிச்சதும் கம்பு சொருகித்தான் வைக்கிறோம், முறுக்கு நல்லாவே குறையுது. பண்ணிப் பாத்துட்டு முட்டி எப்படி இருக்குன்னு எழுதுங்க.