லயத்தில் அறை இழுப்பதா, ஹட்டனில் வாடகை பார்ப்பதா?

பொகவந்தலாவ தம்பி:
தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். எங்கள் காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. இஸ்தோப்பை (முன் திண்ணையை) தகரத்தால் அடைத்ததில் அண்ணன், அண்ணி, குழந்தை. உள்ளே அப்பா, அம்மா, தங்கச்சி. கொழும்பிலிருந்து லீவுக்கு வந்தால் நானும். தை மாதம் எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பெண் வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: பாத்ரூம் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும், லயத்துக்கு அனுப்ப மாட்டோம். நியாயம்தானே? அம்மா இன்னமும் மழை ராத்திரியில் டோர்ச்சும் குடையுமாகத்தான் வெளியே போகிறார்.

தனி வீடு கட்ட அரசாங்கம் தருவதாகச் சொன்ன 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணிக்குப் பெயர் கொடுத்து வருடக்கணக்காகிறது. அதுவரை பின்பக்கம் ஸ்லப் போட்டு ஓர் அறையும் பாத்ரூமும் இழுக்கலாம் என்கிறார் அப்பா. ஹட்டனில் விசாரித்தால் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

மேசன் அண்ணன்:
பின்னால் என்ன, மண்மேடா? அப்படியென்றால் வெட்டவே வேண்டாம். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயமே மண்ணுக்குள் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் பார்த்துச் சொல்லாமல் மண்வெட்டி வைக்காதே. பழைய லயச் சுவர் கருங்கல்லும் மண்சாந்தும். ஸ்லப்பை அதன்மேல் ஏற்றினால் பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து பிளக்கும். இன்னொன்று, நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனி கையில். தொரை (தோட்ட மேனேஜர்) எழுத்தில் தராமல் கட்டினால் நாளைக்கு இடிக்கச் சொன்னாலும் கேட்க நாதியில்லை. உறுதி (காணிப் பத்திரம்) இல்லாத இடத்துக்கு பேங்க் லோனும் கிடைக்காது.

நோர்வூட் அக்கா:
நாங்கள் இருப்பது இந்திய உதவியில் கட்டிய 550 சதுர அடி வீடு. இரண்டு அறை, ஹோல், குசினி, உள்ளேயே பாத்ரூம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் குசினியில் விறகு எரித்தால் புகை ஹோல் வரைக்கும் வரும். அதனால் எங்கள் வரிசையில் முக்கால்வாசி வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். மாமியார் அங்கே உட்கார்ந்து ரொட்டி சுடுவார், எனக்கு உள்ளே கேஸ். சண்டையே இல்லை! தம்பி, இப்போதைக்கு வாடகைக்குப் போங்கள். ஹட்டன் டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், டவுனுக்குள்ளே ஆசிரியர், பேங்க்காரர் எல்லாரும் அதே மாதிரி வீட்டைத்தான் தேடுகிறார்கள். காணிப் பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி போய்ப் பாருங்கள்.

பொகவந்தலாவ தம்பி:
மேடுதான் அண்ணே, கூரை உயரத்துக்கு நிற்கிறது. ஸ்லப் பேச்சை விட்டுவிடச் சொல்கிறேன். அக்கா, உங்கள் பக்கம் மேல்மாடி ஏதும் காலியா? த்ரீவீல் வாசல் வரை வர வேண்டும், அவ்வளவுதான்.