ரிப் பக்கம் /24, ஐஜிஆர்பி பக்கம் /27: ரூட் பாதிதான் போகிறது

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். ஆலையில் ரிப் (RIP, ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று ரூட் சொல்லிக்கொள்ளும் முறை) வெர்ஷன் 1, 172.16.2.0 முதல் 172.16.6.0 வரை ஐந்து சப்நெட், எல்லாம் /24 (சப்நெட் அளவைச் சொல்லும் மாஸ்க், எண் கூடினால் சப்நெட் சின்னது). காவேரிப்பட்டணம் குடோனில் ஐஜிஆர்பி (IGRP, அதே வேலைக்கு சிஸ்கோவின் சொந்த முறை), 172.16.20.0-ஐ /27 ஆகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் சிஸ்கோ 2611 ரவுட்டர், அதன் மென்பொருள் ஐஓஎஸ் 12.1. (ஆமாம், பழசுதான். புதுசு வாங்க முதலாளி சீசன் முடியட்டும் என்கிறார்.)

போன திங்கட்கிழமை இரண்டையும் இணைத்தேன். நடு ரவுட்டரில் ஷோ ஐபி ரூட் போட்டால் எல்லா ரூட்டும் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து ரூட் அந்தப் பக்கம் போகவே இல்லை. டீபக் ஐபி ரிப் (debug ip rip) போட்டுப் பார்த்தேன். வெளியே போகும் அப்டேட்டில் குடோனின் 172.16.20.32 என்ற வரியே கிடையாது. எடை மேடை பில் குடோனுக்குப் போகாமல் பையன் பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

இருபுறமும் ரீடிஸ்ட்ரிபியூட் (ஒரு முறையின் ரூட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் கட்டளை) மெட்ரிக்கோடு கொடுத்தாச்சு. ஐபி கிளாஸ்லெஸ் போட்டேன், ரூட்டை கிளியர் செய்தேன், பலன் இல்லை. ரிப் 2-க்கு மாற்ற முடியாது, எடை மேடைப் பெட்டிக்கு வெர்ஷன் 1 மட்டும்தான் தெரியும்.

அப்புறம் நடு ரவுட்டரில் 172.16.20.0 /24-க்கு நல்0 (Null0, வரும் பாக்கெட்டைத் தூக்கிப்போடும் போலி இன்டர்ஃபேஸ்) காட்டி ஸ்டாட்டிக், அதாவது கையால் எழுதும் ரூட், ஒன்று எழுதி ரிப்பில் விட்டேன். மாஸ்க் ஒத்துப்போனதால் ஆலைப் பக்கம் உடனே வந்துவிட்டது. எதிர்ப்பக்கம்தான் தலைவலி. ஒவ்வொரு /24-ஐயும் எட்டு /27 ஆக உடைத்து, ஆலை ரவுட்டரை நெக்ஸ்ட் ஹாப்பாகக் காட்டி எழுதணும். நல்0 அங்கே உதவாது, /27 நீளமான மாஸ்க், ரவுட்டர் அதையே முதலில் எடுக்கும் என்பதால் பாக்கெட் அதிலேயே விழுந்துவிடும்.

அந்த 40 ஸ்டாட்டிக் வரி எழுதாமல், ஐஜிஆர்பி பக்கத்துக்கு ஆலை சப்நெட்களைக் காட்ட வேறு வழி உண்டா?