மனைவியின் தோட்டச் சம்பளம் அவர் கைக்கே வர என்ன செய்யலாம்?

கேள்வி – மாதர் சங்கம், இலங்கை, ஹட்டன் பக்கம்
எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் சம்பள நாளன்று கொழுந்தெடுக்கும் பெண்கள் பலருடைய காசை வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். "அவங்க மலையில நிக்கிறாங்க, யார் வாங்கினா என்ன" என்று ஆபீசிலும் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் சண்டை வராமல் இதை எப்படி மாற்றுவது?

மறுமொழி 1
சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி சம்பளத்தை வேலை செய்தவரிடமே கொடுக்க வேண்டும். அதனால் ஆபீசிடம் சலுகை கேட்கும் தோரணையில் போகாதீர்கள். ஒரு பெண் தனியாகக் கேட்டால் அன்றிரவே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பேச்சாகிவிடும். டிவிசன் பெண்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் கேளுங்கள். துரைக்கு (தோட்ட மேனேஜருக்கு) எழுதும் கடிதத்தில் பெயர், செக்ரோல் (வேலைப் பதிவேடு) இலக்கம், பேங்க் கணக்கு இலக்கம் மூன்றும் இருக்கட்டும். பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள்.

கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம். அடையாள அட்டையில் "செல்லம்மா", செக்ரோலில் "செல்லம்மாள்" என்றிருந்தால் காசு திரும்பிப் போகும். முதலில் அதைத் திருத்துங்கள். லயத்து முகவரியை பேங்க் ஏற்காவிட்டால் கிராம சேவகரின் சான்றிதழ் எடுக்கலாம். பலர் கவனிக்காமல் விடுவது, எஸ்எம்எஸ் போகும் நம்பர். அது வீட்டுக்காரருடையதாக இருந்தால் சம்பளம் விழுந்த நிமிஷமே அவருக்குத் தெரியும், ஏடிஎம் கார்டும் அவர் கைக்குப் போய்விடும்.

மறுமொழி 2
கணக்கோடு நிற்காமல் சம்பளச் சீட்டையும் வாசிக்கப் பழக்குங்கள். உதாரணத்துக்கு நாளுக்கு 1350 ரூபா, 25 பேர் (பதிவான முழு வேலை நாள்) என்றால் 33,750. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8%, அதாவது 2,700தான் வெட்ட வேண்டும். தோட்டம் தன் பங்காக 12% (4,050) போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3% (1,012.50) முழுவதும் தோட்டத்தின் செலவு, அது சீட்டில் வெட்டாக வந்தால் தவறு. அடுத்ததாக, கணவர் வாங்கிய திருவிழா முற்பணம் மனைவியின் சீட்டில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடத்தில்) தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிற கிலோவை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதினால்தான் அரைப்பேர் (அரை நாள்) போட்டதைப் பிறகு கேட்க முடியும். தீராவிட்டால் சீட்டும் கொப்பியுமாகத் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம்.

1984இல் ஆண் பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் காசு அவள் கைக்கு வராதது பெரிய அநியாயம்.

கல்யாணத்தைக் காட்டி வேலையை விட்டு சேமலாப நிதியை எடுக்கச் சொல்வார்கள். எடுக்க வேண்டாம், பெண்களுக்கு 50 வயதில் அது முழுசாகக் கிடைக்கும்.

மறுமொழி 3
முதல் இரண்டு சம்பள நாட்கள்தான் கஷ்டமானவை. குடிக்கிற வீடுகளை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். அடி விழுந்தால் 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்; அந்தப் பெண் சார்பில் பொலிசும் கேட்க முடியும். விசாரணை முடியும்வரை இடைக்கால ஆணை உண்டு, முழு ஆணை 12 மாதம் வரை. லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். ஆணை கிடைத்ததும் அதன் பிரதி உங்கள் பகுதிப் பொலிசுக்கு வந்துவிட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.