டகோயாகி மெஷின் போட்டதும் கரண்ட் போகிறது, மாவும் ஒட்டுகிறது: சனிக்கிழமை விருந்தாளிகள், அவசரம்!

புதுக்குடித்தனம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இவருடைய ஆபீஸிலிருந்து நாலைந்து பேர் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள். டகோயாகி என்றால் ஆக்டோபஸ் துண்டு வைத்துக் குழியில் சுடும் மாவு உருண்டை, பார்க்க நம் பணியாரம் மாதிரி. இங்கே டகோயாகி மெஷினை மேஜை நடுவில் வைத்து, எல்லோருமாகச் சுட்டுச் சாப்பிடுவார்களாம். அதற்காகவே ஒரு எலக்ட்ரிக் மெஷின் வாங்கினோம். இன்று போட்டுப் பார்த்தேன். மாவு குழியில் பிடித்துக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வருகிறது, ஒன்றுகூட உருண்டையாக வரவில்லை. பாதியில் கரண்டும் போய்விட்டது. மெஷின் பழுதா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? கூட வந்த கையேடு முழுக்க ஜப்பானிய மொழி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாராவது சொல்லுங்கள்.

நிஷிகசாய் அண்ணன்:
தங்கச்சி, இது ஆம்பியர் பிரச்சினை. நாங்கள் வந்த புதிதில் வீட்டுக்கு 20 ஆம்பியர் ஒப்பந்தம்தான், ஒரே நேரத்தில் அதற்கு மேல் கரண்ட் இழுக்க முடியாது. ஹீட்டர் ஓடும்போது ரைஸ் குக்கரைப் போட்டால் வீடே இருட்டாகிவிடும். அந்தக் குளிரில், கைக்குழந்தையோடு, டார்ச் அடித்துக்கொண்டு பிரேக்கர் சுவிட்சைத் தேடிய ராத்திரிகளை மறக்கவே முடியாது. மின் நிறுவனத்துக்குப் போன் போட்டு 40 ஆக்கச் சொல்லுங்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும், கூடட்டும். இன்னொன்று, ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்திருந்தால் அப்படியே சொருகாதீர்கள். இங்கே 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸிக்கு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் முடியாது.

காரைக்குடி மருமகள்:
திருப்பிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணியாரம் சுட இதைவிட நல்ல சாமான் இந்த ஊரில் கிடையாது. முதலில் கல்லைப் பழக்க வேண்டும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, நல்லெண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு குழியிலும் நன்றாகத் தேயுங்கள். அப்புறம் இட்லி மாவில் கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டி, முக்கால் குழி ஊற்றி, ஒரே தடவை திருப்பிப் போட்டால் போதும். வருகிறவர்களுக்கு நம் பணியாரத்தையே கொடுங்கள், ஆசையாகச் சாப்பிடுவார்கள்.

சகாய் வாசி:
பழக்குவதெல்லாம் இரும்புக் கல்லுக்கு. எலக்ட்ரிக் மெஷினில் இருப்பது பெரும்பாலும் ஒட்டாத பூச்சுத் தட்டு. அதற்கு எண்ணெய் தடவினால் போதும். இரும்பு ஊசியோ கரண்டியோ பட்டால் பூச்சு போய்விடும், மூங்கில் குச்சிதான் சரி. சகோதரி, நீங்கள் எந்த ஊர்? கரண்ட் வீடு முழுக்கப் போனதா, சமையலறையில் மட்டுமா? அப்போது வேறு என்ன ஓடியது? மாவு எந்தப் பதம்?

சாய்தாமா தம்பி:
ஆம்பியரை விடுங்கள், வீடு கிடைத்ததே பெரிய விஷயம். வெளிநாட்டுக்காரர் என்றதும் எத்தனை இடத்தில் கையை விரித்தார்கள்! ரெய்கின் என்று வீட்டுக்காரருக்கு ஒரு தொகை கொடுத்தோம், அது திரும்பி வராது. அதற்கு மேல் வாடகைக்கு ஜாமீன் நிற்கும் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம். முதல் மாதச் சம்பளத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நிஷிகசாய் அண்ணன்:
உண்மை தம்பி. குப்பையையும் சேர்த்துக்கொள். எரிவது ஒரு நாள், பாட்டில் ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள். பையை மாற்றி வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள், தெருவே பார்க்கும். ஆரம்பத்தில் மனசு ரொம்ப நொந்துபோகும்.

காரைக்குடி மருமகள்:
குப்பையாவது படித்துக்கொள்ளலாம் அண்ணா. பேச ஒரு ஆள் இல்லாத பகல்கள்தான் கொடுமை.

புதுக்குடித்தனம்:
எல்லோருக்கும் நன்றி. நாங்கள் இருப்பது டொயோநாகா, ஒசாகா பக்கம். கரண்ட் சமையலறையில் மட்டும்தான் போனது, ஹாலில் இருந்தது. அப்போது மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கெட் மாவைத் தோசை மாவு பதத்தில் கரைத்தேன். பணியாரம் இன்னொரு நாள் கட்டாயம் செய்கிறேன் அக்கா, ஆனால் அவர்கள் டகோயாகி என்று சொல்லித்தான் வருகிறார்கள். இன்னொன்று, நான் சைவம். இவர் எல்லாம் சாப்பிடுவார்.

சகாய் வாசி:
இப்போது புரிகிறது. மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆம்பியர் ஒப்பந்தம் டோக்கியோ பக்கத்து முறை. கன்சாயில், அதாவது நம் ஒசாகா வட்டாரத்தில், சாதாரண வீட்டு மின்திட்டத்தில் அது கிடையாது, அதனால் யாருக்கும் போன் போட வேண்டாம். உங்களுக்கு விழுந்தது சமையலறைக்கான சின்ன பிரேக்கர். அது வழக்கமாக 20 ஆம்பியர், அதாவது 2000 வாட் வரை தாங்கும். மைக்ரோவேவும் டகோயாகி மெஷினும் சேர்ந்தால் சுலபமாக அதைத் தாண்டிவிடும். பிரேக்கர் பெட்டியில் கீழே விழுந்திருக்கும் அந்த ஒன்றை மட்டும் மேலே தள்ளுங்கள். சனிக்கிழமை மெஷினை ஹால் பிளக்கில், தனியாக, நேரே சுவரில் சொருகுங்கள்.

மாவுதான் முக்கியம். தோசை மாவு பதம் ரொம்பக் கெட்டி. 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, 400 மில்லி சூப் (மீன் அல்லது கடல்பாசி சாரம் இறங்கிய தண்ணீர்). மோர் மாதிரி ஓட வேண்டும். தட்டு நன்றாகச் சுட்ட பிறகு ஒவ்வொரு குழியிலும், குழிகளுக்கு நடுவிலும் எண்ணெய் தடவி, குழி வழிந்து தட்டு முழுக்கப் பரவும்படி ஊற்றுங்கள். வழிந்தது வீணில்லை, அதுதான் பிறகு உருண்டையின் மறுபாதி. ஆக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். சீக்கிரம் கிளறினால்தான் பிய்கிறது. ஓரம் வெந்து நிறம் மாறியதும், குச்சியால் குழிகளுக்கு நடுவே கோடு போட்டுப் பிரித்து, கால்வட்டம் மட்டும் திருப்பி, வெளியே கிடக்கும் மாவை உள்ளே திணியுங்கள். கொஞ்சம் விட்டு மறுபடி திருப்பினால் தானாக உருளும். தட்டுக்கு அடியில் சூடாக்கும் கம்பி செல்லும் இடத்துக் குழிகள் சீக்கிரம் சிவக்கும், ஓரத்தில் உள்ளவை பின்தங்கும். நடுவில் இடம் மாற்றிப் போடுங்கள். கடைசியில் மேலே சில சொட்டு எண்ணெய் விட்டால் தோல் மொறுமொறு.

சைவத்துக்கு: பாக்கெட் மாவில் பெரும்பாலும் கட்சுவோ மீன் சாரம் இருக்கும். நீங்கள் வெறும் மைதா வாங்கி, கொம்பு என்ற கடல்பாசியை ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் கரையுங்கள். முட்டையும் ஆகாது என்றால் பேக்கிங் பவுடர் சிட்டிகை. உள்ளே சீஸ், சோளம், மோச்சி (அரிசியில் செய்த பிசுபிசுப்பான உருண்டை). ஆக்டோபஸ் போடும் முன் உங்கள் ஈட்டை முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள். சாஸின் பொருள் பட்டியலை மொபைல் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள், கையேட்டுக்கும் அதுவே வழி.

அப்புறம், பயப்படாதீர்கள். ஆக்டோபஸ் வைத்த டகோயாகி பிறந்ததே ஒசாகாவில், 1935ல், ஐசுயா என்ற கடையில். இந்த ஊர்க்காரர்கள் சின்ன வயதிலிருந்தே திருப்பிப் பழகியவர்கள். மாவும் பொருள்களும் தயாராக இருந்தால் போதும், குச்சியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்களே சந்தோஷமாகச் சுட்டுத் தருவார்கள்.

புதுக்குடித்தனம்:
இப்போதுதான் மூச்சே வருகிறது, அண்ணா. பிரித்த பாக்கெட் மாவு பாதி மீதி இருக்கிறது. அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா?

சகாய் வாசி:
கூடாது. இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பிரித்த மாவை வெளியே வைத்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகும். அந்த மாவில் சுட்டதைச் சாப்பிட்டுக் கடும் அலர்ஜியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இங்கே உண்டு. எப்போது பிரித்தது என்று நினைவில்லாத மாவென்றால் தூக்கிப் போடுங்கள்.