குழுக் கூட்டத்துல குத்திப் பேசுறதை எப்படி நிறுத்துறது?

வணக்கம் அக்கா, தங்கச்சிகளே. எங்க மகளிர் சுயஉதவிக் குழுவுல 14 பேர். நான் ஊக்குநர், கூட்டத்தை நடத்துறவ. சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்துல எங்களுக்குள்ளேயே கொடுக்கிற கடன்), தீர்மானப் புத்தகம் எல்லாம் ஒழுங்கா ஓடுது. பிரச்சினை வாய்தான்.

போன மாசம் ஒரு அக்கா கல்யாண வீட்டுக்கு 500 முறுக்கு ஆர்டர் முடிச்ச சந்தோஷத்துல, கூட்டத்துக்கு ஒரு தூக்குவாளி நிறைய கொண்டுவந்தாங்க. ஒருத்தி கடிச்சுப் பார்த்துட்டு, "ஓமம் தூக்கலா இருக்கே"ன்னா. இன்னொருத்தி, "எல்லாம் நம்ம கடன் காசுலதானே"ன்னு இழுத்தா. அக்கா பேசாம மூடியைப் போட்டு மூடிட்டாங்க. அதுக்கப்புறம் சேமிப்புப் பணம் மட்டும் பையன் கையில வருது. (நானும் அன்னைக்கு வாயைத் திறக்கல, அது வேற உறுத்துது.)

இப்போ வசூலுக்கு முன்னாடி பத்து நிமிஷம், பக்கத்துல இருக்கிறவங்க சாதிச்ச ஒரு விஷயத்தைச் சொல்லணும்னு வச்சிருக்கேன். முதல் வாரம் ஒரே சிரிப்பு. மறுவாரம் "புடவை நல்லா இருக்கு"ன்னு ஒப்புக்குப் பேசுறாங்க.

தமிழ்நாட்டுல இந்தக் குழு முறை தர்மபுரியில 1989ல தொடங்கினது. பழைய குழுக்காரங்க இங்க இருப்பீங்க, உங்களைத்தான் கேட்கிறேன். பாராட்டைத் தீர்மானப் புத்தகத்துல எழுதினா மதிப்பு வருமா? நியாயமான குறையை எப்போ சொல்ல விடுறீங்க? முறுக்கு அக்கா வீட்டுக்கு நான் போகணுமா, அந்த ரெண்டு பேரை அனுப்பணுமா? செவ்வாய்க்கிழமை கூட்டம், அதுக்குள்ள சொல்லுங்க.