மறு: டிபோல்ட்டுக்கு எந்தச் சொல்? ஒன்று போதாது, இரண்டு வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருளின் அமைப்புகளைத் தாங்கும் தரவுத் தொகுதிகளை உள்ளமைவுப் பொருள்கள் என்கிறோம். அவற்றில் யாரும் எதுவும் கொடுக்காதபோது தானாக வரும் டிபோல்ட் (default) பெறுமானத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நமது கணினிச் சொற்கோவைக்காக ஒரு வாரமாகப் பேசுகிறோம். இயல்புநிலை, முன்னிருப்பு, கொடாநிலை என்று மூன்று சொற்களுக்கும் ஆள் சேர்ந்திருக்கிறது. மூன்றும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை, மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலச் சொல் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாக மூடி வைத்திருக்கிறது. அதற்கு நேராக ஒரே தமிழ்ச் சொல்லை வைத்தால் அந்த மூடலும் சேர்ந்தே வரும். செய்நிரல் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தலைமைக் கடை நகரத்தில், கிளைகள் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும். ஒவ்வொரு கிளைக்கும் ஓர் உள்ளமைவுப் பொருள்: வற் (பெறுமதி சேர் வரி) வீதம், பில் தாளின் அகலம், கடை இலச்சினை, சில்லறையை முழுமையாக்கும் விதம் எல்லாம் அதற்குள் இருக்கும். கிளைகள் 2023இல் பதிவாகின்றன. அப்போது வற் 15 வீதம். 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதமாகிறது.

கிளைப் பொருளை உருவாக்கும் நேரத்திலேயே 15 என்பதை அதன் வீதப் புலத்துக்குள், அதாவது வீதத்துக்கென உள்ள இடத்துக்குள், எழுதிவிட்டோமென்றால், அது கோப்பிலும் சேமிக்கப்பட்டுவிடும். டிசம்பர் 31 இரவு வகுப்பில் (எல்லாக் கிளைப் பொருள்களுக்கும் பொதுவான வார்ப்பில்) உள்ள மாறிலியை 18 ஆக்கினாலும் கிளைகள் 15இலேயே நிற்கும். அதைவிட மோசம், அந்த 15ஐப் பார்த்து அது யாராவது யோசித்து இட்டதா, தானாக வந்து உட்கார்ந்ததா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே எண்தான். சரி, வீதப் புலத்தை வெறுமையாக விட்டு, யாராவது கேட்கும்போது மட்டும் வகுப்பில் உள்ள பெறுமானத்தைப் பார்த்துச் சொல்லும்படி எழுதினால்? ஓர் இடத்தில் மாற்றினால் போதும், மூன்று கடைகளும் காலையில் 18இல் திறக்கும்.

அப்படியானால் இரண்டாவதுதான் எப்போதும் நல்லதா? இல்லை. பில்லையும் ஒரு பொருளாகப் பாருங்கள். 2023 டிசம்பரில் போட்ட பில் எந்தக் காலத்திலும் 15 வீதம் என்றே சொல்ல வேண்டும். பில் பொருளும் தன் வீதத்தை வெறுமையாக விட்டிருந்தால், ஜனவரியில் வாடிக்கையாளர் வந்து பிரதி கேட்கும்போது 18 என்று அச்சாகும். கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே பில், பிறக்கும்போதே வீதத்தைத் தனக்கெனப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே மென்பொருள், ஒரே எண். கிளைக்கு ஒரு விதம், பில்லுக்கு அதற்கு நேர்மாறான விதம். ஆங்கிலக் கையேட்டில் இரண்டுக்கும் டிபோல்ட் என்றே எழுதியிருக்கும்.

என் முன்மொழிவு இதுதான். பொருள் உருவாகும்போது உள்ளே பிரதியாகி, அந்தக் கணம் முதல் அந்தப் பொருளுக்கே சொந்தமாகிவிடுவது தொடக்கப் பெறுமானம். பொருளுக்குள் ஒருபோதும் போகாமல் வெளியே நின்று, உரிய பெறுமானம் இல்லாதபோது மட்டும் அதன் இடத்தில் நிற்பது பதில் பெறுமானம்.

முதலாவது சொல் புதிதல்ல, விளக்கமும் தேவையில்லை. இரண்டாவதை எங்கள் ஊர் வழக்கிலிருந்து எடுத்தேன். இலங்கையில் பதில் நீதவான், பதில் அதிபர், பதில் பணிப்பாளர் என்று தினமும் சொல்கிறோம், பத்திரிகையிலும் வாசிக்கிறோம். நிரந்தர அதிபர் நியமிக்கப்படும்வரை பதில் அதிபர் கடமை பார்ப்பார். நியமனம் வந்த அன்றே இடத்தை விட்டுக்கொடுப்பார். பதில் கடமையில் எவ்வளவு காலம் இருந்தாலும் அதனாலேயே அவர் நிரந்தர அதிபர் ஆகிவிடுவதில்லை. உள்ளமைவில் நமக்கு வேண்டிய நடத்தை அச்சொட்டாக இதேதான். முன்னிருப்பு என்ற சொல், முன்பே இருந்தது என்று மட்டும் சொல்கிறது. விட்டுக்கொடுக்கும் குணம் அதில் இல்லை. இயல்புநிலை என்பதும் அப்படியே. அது வழமையானதைச் சொல்கிறது, இல்லாமையைச் சொல்லவில்லை.

கொடாநிலை என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதை முன்மொழிந்த அக்கா மன்னிக்க வேண்டும், அது மிக நல்ல சொல், ஆனால் வேறு இடத்துக்குரியது. கொடாநிலை என்றால் கொடுக்கப்படாத நிலை. அது ஒரு பெறுமானத்தின் பெயர் அல்ல, புலம் இருக்கும் நிலையின் பெயர். ‘புலம் கொடாநிலையில் இருந்தால் பதில் பெறுமானம் செல்லும்’ என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு தெளிவாக நிற்கிறது! இந்த நிலைக்கு ஒரு பெயர் இல்லாததால் வரும் வழுக்களை வேலையில் அடிக்கடி காண்கிறேன். வரிவிலக்குள்ள ஒரு சரக்குக்கு வீதம் பூச்சியம் என்று ஒருவர் கவனமாகப் பதிகிறார். ஜாவாஸ்கிரிப்ட் என்ற செய்நிரல் மொழியில் இரட்டைக் குத்துக்கோட்டுக் குறியால் (||) ‘வீதம் அல்லது 18’ என்று எழுதியிருந்தால், அந்தக் குறி பூச்சியத்தையும் வெறும் சரத்தையும் (எழுத்தே இல்லாத உரையையும்) இல்லாததாகவே எடுத்துக்கொண்டு 18ஐக் கொடுத்துவிடும். பூச்சியம் கொடுக்கப்பட்ட பெறுமானம், கொடாநிலை அல்ல. இந்த வேறுபாட்டுக்காகவே 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இரட்டைக் கேள்விக்குறி (??) என்ற புதிய குறி சேர்க்கப்பட்டது. அது ‘நல்’ (வெறுமை என்று இட்டது), ‘அன்டிபைன்ட்’ (எதுவுமே இடாதது) இரண்டையும் மட்டுமே இல்லாமையாகக் கொள்ளும். அதிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பருத்தித்துறைக் கிளைக்கு இலச்சினையே வேண்டாம் என்று நல் இட்டு வைத்தால், அங்கும் பதில் பெறுமானம் வந்து தலைமைக் கடையின் இலச்சினையை அச்சடித்துவிடும். ‘வேண்டாம்’ என்பதும் ஒரு விடை. அதைக் கொடாநிலையிலிருந்து பிரித்து வைக்க ஒரு தனி அடையாளம் தேவை.

இந்த இரட்டைப் பிரிவு நான் கற்பனை செய்தது அல்ல என்பதற்கு செய்நிரல் மொழிகளிலேயே சான்று இருக்கிறது. அமைப்புகளைப் பெயரும் பெறுமானமுமாக வைத்திருக்கும் ஜாவாவின் புரொப்பர்ட்டீஸ் வகுப்பு 1996இல் வந்த முதற்பதிப்பிலிருந்து உள்ளது. அதை உருவாக்கும்போது இன்னொரு புரொப்பர்ட்டீஸ் பொருளைப் பின்னணியாகக் கொடுக்கலாம். ஒரு பெயரைக் கேட்டால் முதலில் தன்னிடம் தேடும், இல்லாவிட்டால் பின்னணியில் தேடும். கோப்பில் சேமிக்கச் சொன்னால் தன்னுடையதை மட்டும் எழுதும், பின்னணியில் உள்ளதை எழுதாது. புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வழு என்று நினைப்பதுண்டு. பதில் பெறுமானம் என்ற பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது: பதில் ஆளை நிரந்தரப் பதிவேட்டில் எழுதுவதில்லை.

பைதான் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஒரு சார்பின் (பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்கும் செய்நிரல் துண்டின்) உள்ளீட்டுக்கு வெறும் பட்டியலை டிபோல்ட்டாக வைத்தால், அந்தப் பட்டியல் சார்பு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும். பிறகு அந்த உள்ளீட்டைக் கொடுக்காமல் அழைக்கும் எல்லா அழைப்புகளும் அதே பட்டியலைத்தான் பகிரும். சாவகச்சேரிக்குச் சேர்த்த சரக்கு பருத்தித்துறைப் பட்டியலிலும் தோன்றும். எழுதியவர் எதிர்பார்த்தது தொடக்கப் பெறுமானம், ஆளுக்கு ஒரு புதிய பட்டியல். கிடைத்தது எல்லோரும் கைவைக்கும் ஒரே பட்டியல். 2018இல் பைதான் 3.7உடன் வந்த, வகுப்புகளை எளிதாக அமைக்க உதவும் டேட்டாகிளாஸ் இந்த இடத்தில் கண்டிப்பாக நடந்துகொள்கிறது: புலத்துக்கு நேரடியாகப் பட்டியலை வைத்தால் ஏற்க மறுத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்கித் தரும் ஒரு சார்பைக் கேட்கிறது. அந்தச் சார்புக்குத் தொடக்க ஆக்கி என்று சொல்லலாமா? எனக்கு அது பிடித்திருக்கிறது.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், பதில் என்றால் தங்கள் பக்கத்தில் விடை என்றுதான் விளங்கும், சார்பு திருப்பும் மதிப்போடு குழம்பும் என்று எழுதியிருந்தார். நியாயமான கவலை. ஆனால் ‘அதற்குப் பதிலாக’ என்பது இரு கரையிலும் ஒரே பொருளில்தான் வழங்குகிறது. சார்பிலிருந்து வருவதைத் திருப்பும் மதிப்பு என்கிறோம், சேவையகத்திலிருந்து வருவதை மறுமொழி என்கிறோம். இரண்டிலும் பதில் என்ற சொல் இல்லை, ஆகவே இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. பெறுமானம் என்ற பகுதி நெருடினால் அங்கே பதில் மதிப்பு என்று எழுதட்டும். எங்கள் பாடநூல்கள் எண்ணுக்குப் பெறுமானம் என்கின்றன. வரியின் பெயரிலோ பெறுமதி இருக்கிறது. அது வேறு கதை. புணர்ச்சி விதிப்படி பதிற்பெறுமானம் என்று சேர்த்தெழுத வேண்டும் என்ற ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் பதில் நீதவானைப் பதினீதவான் என்று யாரும் எழுதுவதில்லையே. பிரித்தே எழுதுவோம், வாசிப்பவருக்கு லேசு.

பேசாமல் டிபோல்ட் என்றே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அலுவலகத்தில் நானும் அப்படித்தான் பேசுகிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே உயர்தரத்தில் தகவல் தொழினுட்பத்தைத் தமிழில் படிக்கும் பிள்ளைகள் பைதானும் படிக்கிறார்கள். அவர்களுக்கு டிபோல்ட் என்ற ஒலி எதையும் விளக்காது, மனனம் செய்ய இன்னொரு சொல் அவ்வளவுதான். மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது உடற்கூற்றியலுக்கே தமிழ்ச் சொற்களை உண்டாக்க வேண்டியிருந்தது. அந்த மண்ணில் இருந்துகொண்டு இவ்வளவு சிறிய வேலைக்குப் பின்வாங்க எனக்கு மனமில்லை. மெனுவில் வரும் ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ பழகிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. நான் பேசுவது செய்நிரல் எழுதுபவர்களின் சொல்லைப் பற்றி.

நமது சொற்கோவைக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: ‘பதில் பெறுமானம்: ஒரு புலம் கொடாநிலையில் இருக்கும்போது, கேட்கும் நேரத்தில் அதன் இடத்தில் நிற்கும் பெறுமானம். பொருளில் சேமிக்கப்படாது, உரிய பெறுமானம் கொடுக்கப்பட்டதும் விலகும்.’

ஒன்று மட்டும் தீரவில்லை. கிளையில் இல்லாவிட்டால் தலைமைக் கடையில், அங்கும் இல்லாவிட்டால் வகுப்பில் என்று படிப்படியாகத் தேடும் ஒழுங்குக்கு என்ன பெயர் வைப்பது? செய்நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் தன் அமைப்புகளைக் களஞ்சியம், பயனர், முழுக் கணினி என்று தேடுவதும், பைதானின் செயின்மேப் பல அகராதிகளை (பெயருக்குப் பெறுமானம் வைக்கும் தொகுப்புகளை) ஒன்றாகக் காட்டி, எழுதுவதை மட்டும் முதல் அகராதிக்குள் போடுவதும் இதே ஒழுங்குதான். தரவை வைக்கும் முறைகளில் கியூவை வரிசை என்றும் ஸ்டாக்கை அடுக்கு என்றும் சொல்வதால், பதில் வரிசை என்றால் முதலாவதோடு மோதும், பதில் அடுக்கு என்றால் இரண்டாவதோடு மோதும். பதில் தொடர் என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், சொற்கோவையின் அடுத்த பதிப்பு போகுமுன் சேர்த்துவிடலாம்.